ஆராய்ச்சிக்கு மட்டும்

நான் ஓய்வுபெற்ற அன்று மேடையில் பேசிய ஐந்து பேரும், என் பெயரில் இருபத்தாறு ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருப்பதாகச் சொன்னார்கள். இருபத்துநாலுதான். இரண்டை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். எழுந்து திருத்தலாமா என்று பார்த்தேன். கழுத்தில் மூன்று மாலை, மடியில் நாலு பொன்னாடை, எழுந்தால் எல்லாம் சரிந்து விழும். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாக வரும். முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் வேலையில் ஒரே ஒரு தடவைதான் எழுந்து நின்றேன். அதுவும் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். காளியாயி என்ற பெண்ணின் டாக்டர் பட்டம் கைநழுவிப் போகப் பார்த்த கதை. அதைத் தட்டிவிடப் பார்த்தவன் அவளுடைய வழிகாட்டி. அதாவது நான்தான்.

என் பெயர் ஞானசுந்தரம். ஏற்காட்டுக்காரன். அப்பா சூசைமாணிக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கோடவுன் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். எஸ்டேட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. காபிப் பழத்தோல் புளித்த வாடை, ஈரமண், அதோடு ஒரு மக்கல் வாடை. பழைய பெட்டியைத் திறந்தால் வருமே, அது. அப்பாவின் காக்கிச் சட்டையில் அதுதான் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பெஞ்சு முழுக்க அதுதான். அது மலையின் வாசனை என்றே நினைத்து வளர்ந்தேன். சேலத்தில் கல்லூரிக்குப் படிக்கப் போன முதல் வாரம், விடுதியில் அந்த வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. சிரிக்காதீர்கள், இது முக்கியமான விஷயம்.

படித்தேன், டாக்டர் பட்டம் வாங்கினேன், அதே சேலத்தில் ஒரு கல்லூரியில் ரசாயன வாத்தியார் ஆனேன். காலை முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கம், சாயங்காலம் இருபது ஏற்றம். செடிகொடிகளுக்குள் இருக்கும் ரசாயனம் உயிர்களை என்ன செய்கிறது என்பதுதான் என் துறை. அதற்குப் பெரிய பெயரெல்லாம் பின்னாளில் வந்தது. அப்போது 'தழை அரைக்கிறவர்' என்று சொல்வார்கள். வியாழக்கிழமை தோறும் பி.எஸ்சி. பையன்களுக்குச் செய்முறை வகுப்பு. அதில் ஒரே பிரசங்கம்தான் செய்வேன்: "அடுத்தவன் சொன்னதை எழுதாதே. உன் கண்ணால பார்த்ததை எழுது." மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். மேஜைக்குத்தான் நன்றாகப் பதிந்தது.

எழுபத்துநாலில் எனக்கு ஒரு பேராசை வந்தது. எங்கள் மலையில் காபிச் செடியைக் காலி பண்ணுகிற எமன் ஒரு வண்டு. எஸ்டேட்டில் 'போரர்' என்பார்கள். தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும், செடி மஞ்சளடித்துச் சாகும். இந்த வண்டுக்கு மலையிலேயே விளையும் ஒரு தழையில் மருந்து கண்டுபிடித்துவிட்டால்? விருது, வெளிநாடு, அஞ்சல்தலை எல்லாம் கண்முன் வந்துபோனது.

தழைக்கு வெள்ளக்கடைக் கிராமத்துச் சித்தண்ணனைப் பிடித்தேன். மலைக்காரர். சாமையும் ராகியும் போடுவார், கொஞ்சம் காபி. காட்டில் எந்தச் செடி எங்கே என்று அவருக்கு அத்துப்படி. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், ஆனாலும் என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். அவர் காட்டியதுதான் கசப்புத்தழை.

"இதைப் போட்டா பூச்சி வராதுங்களா, சித்தண்ணா?"

"அந்து வராதுங்க வாத்தியாரே. சாமைக்குள்ள நாலு கொத்துப் போட்டு மூடினா வருசம் பூராத் தாங்குமுங்க."

அவர் சொன்னது தானியத்தில் விழும் அந்துப்பூச்சியை. நான் குறித்துக்கொண்டது 'பூச்சிக்கு ஆகும்' என்று. ஆரம்பமே இப்படி.

அடுத்த வாரம் ஒரு மூங்கில் கூடை நிறையத் தழையோடு எங்கள் ஊட்டு வாசலில் வந்து நின்றார். கூடையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னங்க சித்தண்ணா, இதுல எரு அள்ளியிருப்பீங்க, கோழி மூடியிருப்பீங்க. ஆராய்ச்சின்னா சுத்தம் வேணுமுங்க, சுத்தம்!" என்று கால்மணி நேரம் பிரசங்கம். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கூடையைத் திருப்பிக் கொடுத்து, தழை கொண்டுவர வேறு ஏற்பாடு செய்தேன். என்ன ஏற்பாடு என்பது எனக்கு அடியோடு மறந்துபோனது. அது பின்னால் வரும்.

அன்றிலிருந்து மாதம் ஒரு மூட்டைத் தழை. பஸ்ஸில் ஏற்றும்போதெல்லாம் கண்டக்டர் முருகேசன் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். "சார், மூட்டையை மேல போடுங்க. என்ன கருமமோ, மருந்துக்கடை மாதிரி நாறுது" என்பார். சமவெளிக்காரனுக்கு மலைத் தழையின் மணம் என்ன தெரியும் என்று நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு அதில் எந்த நாற்றமும் தெரியவில்லை. ஊட்டு வாசனைதான் வந்தது.

தழையைக் காயவைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால் பிசின் மாதிரி ஒரு பழுப்புச் சரக்கு வந்தது. கண்ணாடி ஜாடியில் இருபது வண்டுகளை விட்டு, அதில் ஒரு துளி தடவினேன். மறுநாள் காலை பதினெட்டு மல்லாந்து கிடந்தன. மிச்சம் இரண்டும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு ஆட்டம் ஆடினேன். அட்டெண்டர் பொன்னுவேல் ஜன்னலைச் சாத்தினார்.

அந்தச் சரக்குக்கு 'சேர்வராயின்' என்று பெயர் வைத்தேன். சேர்வராயன் மலைக்கு நான் செய்த மரியாதை. என் மனைவி ஜெயமேரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, பதினாறு வருசமா உங்களுக்குச் சோறாக்கிப் போடறேன். ஜெயமேரின்னு வெச்சிருந்தா என்னங்க குறைஞ்சு போயிரும்?" நல்லவேளை வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்றைக்கு ஊட்டுக்குள் விட்டிருக்கமாட்டாள்.

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. சேர்வராயின் என்பது என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. சோதிக்க அனுப்பினேன். கார்பன் இவ்வளவு, ஹைட்ரஜன் இவ்வளவு, நைட்ரஜன் இல்லை என்று எழுதி வந்தது. கூட்டினால் நூறுக்குக் கிட்டவே வரவில்லை. மீதியை ஆக்சிஜன் என்று போட்டேன். தெரியாத மீதியை ஆக்சிஜன் கணக்கில் எழுதுவது எங்கள் தொழில் வழக்கம், ஆக்சிஜன் வந்து சண்டை போடாது. 'முழு அமைப்பு விரைவில் வெளியிடப்படும்' என்று எழுதி எழுபத்தொன்பதில் கட்டுரை வந்தது. அந்த 'விரைவில்' ஒன்பது வருஷம் ஓடியது.

ஊரில் கேட்கவா வேண்டும். எஸ்டேட் துரைமார் கூட்டத்தில் தேநீரும் பொன்னாடையும் கொடுத்தார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்னை நுழைத்தார். சித்தண்ணன் வெள்ளக்கடையில், "எங்க தழையிலதான் வாத்தியாரு மருந்து கண்டுபுடிச்சாரு" என்று போகிற ஜீப்பையெல்லாம் நிறுத்திச் சொன்னார். எனக்கு நடையே மாறிவிட்டது என்று ஜெயமேரி சொன்னாள். செருப்பு புதுசு என்று சமாளித்தேன்.

வருஷம் போகப் போக ஒரு வேடிக்கை. புதுத் தழையின் வீரியம் குறைந்துகொண்டே வந்தது. இருபதில் பதினெட்டு செத்தது பதினாலு ஆனது, பத்தானது. வேறொருவனாக இருந்தால் கவலைப்பட்டிருப்பான். நான் அதையும் ஒரு கட்டுரையாக்கினேன். மழை குறைந்தால் செடியில் சேர்வராயின் குறைகிறது என்று வரைபடத்தோடு எழுதினேன். மழையளவு விவரம் ஒத்துவராத இரண்டு வருஷத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

எண்பத்துநாலில் காளியாயி வந்தாள். சித்தண்ணனின் மகள். வெள்ளக்கடையிலிருந்து மிஷன் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்து, எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு. நாலு வருஷம் உதவித்தொகை கிடைத்திருந்தது. எண்பத்தெட்டு மார்ச்சோடு அது நின்றுவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சேர்வராயினின் அமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு நான் கொடுத்த வேலை. ஐந்து வருஷமாக என்னால் முடியாததை அவள் தலையில் கட்டினேன். இதற்குப் பெயர் வழிகாட்டுதல்.

முதல் நாளே ஒரு அறிவுரை வேறு. "ஏங்கண்ணு, காளியாயின்னா வெளிநாட்டுப் பத்திரிகையில எடுபடாது. கலான்னு மாத்திக்கயேன்."

"காளியாயின்னு கூப்பிட்டாத்தானுங்க சார் நான் திரும்பிப் பாப்பேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நல்ல கை அவளுக்கு. சோதனைக்குழாயைப் பிடிக்கிற பக்குவத்திலேயே தெரியும். என்னிடம் கேட்காமல் எதையும் செய்யமாட்டாள். கேட்ட பிறகு அவளுக்குச் சரியென்று பட்டதைச் செய்வாள். அலமாரியில் இருந்த என் பழைய புட்டிகளை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் மல்லுக்கட்டினாள். சரக்கு அடிமட்டத்துக்கு வந்ததும், எண்பத்தேழு ஐப்பசியில், தானே போய்த் தழை பறித்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா வெள்ளையம்மாளின் மூங்கில் கூடையில், மேலே ஒரு துண்டைப் போட்டுக் கட்டி.

அந்தத் தழையில் ஒரு வண்டுகூடச் சாகவில்லை.

"கை சுத்தமில்லை" என்றேன். மறுபடி செய்தாள். சாகவில்லை. "கூடை சுத்தமில்லை" என்றேன். கூடையை வெந்நீரில் கழுவிக் காயவைத்துச் செய்தாள். வண்டுகள் ஜாடிக்குள் ஜோடி சேர்ந்தன. ஏழு தடவை செய்தாள். ஏழு தடவையும் கத்தினேன். பொன்னுவேல் என் அறைக்கு டீ கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, பையன்கள் கலைந்தபிறகு, "சார், ஒரு நிமிசம் வாங்க" என்று அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். கையில் ஒரு செப்புக் கம்பி. எனக்குத் தெரிந்துவிட்டது. பி.எஸ்சி. முதல் வருஷத்துச் சோதனை. கம்பியைச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராதவரை பழுக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு பொருளில் தொட்டு மறுபடி சுடரில் காட்ட வேண்டும். பொருளில் குளோரின் இருந்தால் சுடர் பச்சையாக எரியும். நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேர்வராயினுக்கு மட்டும் செய்து பார்க்கத் தோன்றவில்லை. தழையில் எங்கே குளோரின் வரப்போகிறது?

அவள் எழுபத்தொன்பதாம் வருஷத்துப் புட்டியில் கம்பியைத் தொட்டாள். சுடர் பச்சையாக எரிந்தது.

"கம்பி அழுக்கு" என்றேன்.

கம்பியைக் காய்ச்சினாள். சுடரில் நிறமில்லை. தொட்டாள். பச்சை.

"அடுப்பு சரியில்லை."

பக்கத்து அடுப்புக்குப் போனாள். பச்சை. தான் பறித்த புதுத் தழையின் சரக்கைத் தொட்டுக் காட்டினாள். நிறமில்லை.

"பழைய புட்டியில இருக்கறது தழையோட சத்தில்லீங்க சார். வேற முறையிலயும் பாத்துட்டேன். பி.எச்.சி.ங்க."

பி.எச்.சி. என்றால், எங்கள் மலையில் குழந்தைக்கும் தெரியும், எஸ்டேட்டில் போரர் வண்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் பொடி. மூட்டை மூட்டையாகக் கோடவுனில் கிடக்கும். அதன் வாடைதான் அந்த மக்கல் வாடை. அப்பாவின் சட்டை வாடை. கோயில் பெஞ்சு வாடை. ஆக, இத்தனை வருஷமாக நான் கண்டுபிடித்து, பெயர் சூட்டி, பொன்னாடை வாங்கிக்கொண்ட அபூர்வ மருந்து, என் அப்பா இடுப்புச் சாவியால் தினமும் பூட்டித் திறந்த கோடவுனில் ஏற்கெனவே இருந்தது. வேறு ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் மோந்து பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பான். கண்டக்டர் முருகேசன் கண்டுபிடித்தாரே!

அப்போது நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "எல்லாம் உங்கப்பா வேலை! என்ன எழவுச் சாக்குல கொண்டாந்தாரோ! படிப்பறிவில்லாத மனுஷனை நம்பி என் பேரே போச்சு!" என்று கத்தினேன். அவள் கம்பியைக் கீழே வைத்தாள்.

நாலு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு யோசனை சொன்னேன். புதுத் தழைச் சோதனையை விட்டுவிடு. பழைய புட்டிகளை வைத்துச் செய்ததை மட்டும் எழுது. சேர்வராயினின் குணங்கள் என்று எழுதி முடித்துவிடலாம். பட்டம் வந்துவிடும், எனக்கும் பேராசிரியர் பதவி உயர்வு வரவேண்டிய நேரம்.

"எழுதமாட்டனுங்க சார்."

"அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள். வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் எந்தப் பல்கலைக்கழகமும் ஆய்வேட்டை வாங்காது. மார்ச்சுக்கு நாலரை மாதம். எனக்கு உள்ளுக்குள் தெரியும், நான் செய்வது அயோக்கியத்தனம். தெரிந்தும் மூன்று வாரம் விறைப்பாகவே திரிந்தேன்.

பிறகு எனக்கு இன்னொரு புத்திசாலித்தனம் தோன்றியது. பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்றால்கூட, 'மாதிரி சேகரித்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் என் பெயர் தப்பிக்கும். அதைச் சித்தண்ணன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை ஜீப்பில் ஏறி வெள்ளக்கடையில் இறங்கினேன்.

சித்தண்ணன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார். வெள்ளையம்மாள் காபி கொடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். "பாப்பா ஒண்ணும் சொல்லலீங்க வாத்தியாரே. ஆனா மூஞ்சியப் பாத்தாத் தெரியுதுங்களே. எங்களால உங்களுக்கு ஏதோ குறைன்னு. நாங்க என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் மன்னிச்சுப்போடுங்க. பாப்பா படிப்புல மட்டும் கை வெச்சிராதீங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தழையை எந்தச் சாக்குல கட்டினீங்க?" என்றேன்.

அவர் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். ஆறு சாக்கு. மடிப்புக் கலையாமல், சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "இதுலதானுங்க. வேற எதையும் தொடலீங்க" என்று ஒன்றை விரித்தார்.

சாக்கின் மேல் நீலப் பெயிண்டில் பெரிசாக எழுதியிருந்தது: 'ஆராய்ச்சிக்கு மட்டும். ஞா.சு.'

என் கையெழுத்து. அந்த 'ஞா'வின் வாலை அப்படிச் சுழிக்கிறவன் இந்த மலையில் நான் ஒருவன்தான். அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கூடை அழுக்கு என்று திருப்பிக் கொடுத்த அன்றே அப்பாவிடம் போய்க் கோடவுனில் கிடந்த காலிச் சாக்கு ஆறு கேட்டு வாங்கினேன். ஓடையில் அலசிக் காயப்போட்டு, நானே பெயிண்டால் எழுதிக் கொடுத்தேன். மலையில் எல்லா ஊட்டிலும் அந்தக் காலிச் சாக்குதான் புழக்கம், அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. சாக்கைத் திருப்பினேன். பின்பக்கத்தில் மங்கலாக மண்டையோட்டுப் படம். வருஷா வருஷம் குறைந்தது மழையல்ல, இதில் ஒட்டியிருந்த பொடி. மோந்து பார்த்தேன். என் அப்பா வாசனை.

சித்தண்ணன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு வருசமும் சாமை அடிக்கறப்பச் சாக்குப் பத்தாதுங்க. இது நொம்ப நல்ல சாக்கு, இதுல போட்டா என்னன்னு இவ கேப்பா. வாத்தியாரு எழுதிக் குடுத்திருக்காரு, தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"மத்த ஊடுகள்ல?"

"எல்லாரும் இந்த மாதிரிச் சாக்குலதானுங்க போடறாங்க. ஏனுங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பதிமூன்று வருஷ ஆராய்ச்சியில் யாருக்காவது ஒரு நன்மை நடந்திருக்கிறதென்றால், அது இந்த ஒரு ஊட்டுச் சாமையில் அந்த விஷம் கலக்காமல் போனது. அதுவும் என் அறிவால் இல்லை, சாக்கில் பெயரெழுதிக்கொண்ட என் திமிரால்.

ஆறு சாக்கையும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அவள் மேஜையில் போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க சார். பச்சை எரிஞ்ச அன்னிக்கே ஊட்டுக்குப் போய்ப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை? நான் உங்கப்பாவை அவ்வளவு பேசினேனே!"

"நான் சொன்னா நீங்க சாக்கு அழுக்குன்னு சொல்லியிருப்பீங்க." சாக்குகளை ஓரமாக எடுத்து வைத்தாள். "அடுத்தவன் சொன்னதை எழுதாதே, கண்ணால பாத்ததை எழுதுன்னு நீங்கதானுங்களே சொல்வீங்க. அதான், நீங்களே பாக்கட்டும்னு."

அழுதேனா என்று கேட்காதீர்கள். பொன்னுவேல் அன்றைக்கு டீ கொண்டுவந்தார், அவ்வளவுதான் சொல்வேன்.

அவள் ஆய்வேட்டை மூன்று பாகமாக எழுதினாள். முதல் பாகம், சேர்வராயின் என்று ஒன்று கிடையாது. இரண்டாவது, கசப்புத்தழை மலைக்காரர்கள் சொன்னபடியே தானியத்தில் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, போரரை அல்ல. மூன்றாவது, காலிப் பூச்சிமருந்துச் சாக்கில் தானியம் வைத்த பதினொரு ஊடுகளில் எடுத்த சாமையிலும் ராகியிலும் எவ்வளவு பொடி ஏறியிருக்கிறது. அந்த மாதிரி எடுக்க நானும் அவளும் ஊடு ஊடாக ஏறி இறங்கினோம். ஊடு ஊடாக அந்தச் சாக்குகளை வேண்டாமென்று சொல்லித் தீயில் போடவும் தெரியாமல், புதைக்கவும் தெரியாமல் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. மார்ச் கடைசி வாரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினேன். பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை, அடுத்த நாலு வருஷமும் வரவில்லை.

உடனே என்னைப் பாராட்டிவிடாதீர்கள். கடிதத்தில் 'மாசுபட்ட சாக்கினால் நேர்ந்த பிழை' என்று மட்டும்தான் எழுதினேன். சாக்கு யார் கொடுத்தது என்று எழுதவில்லை. காளியாயியின் ஆய்வேட்டிலும் அந்த வரி அப்படியே போயிற்று. எனக்குத் துணிச்சல் வந்தால் அரை டம்ளர்தான் வரும்.

மறுவருஷம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஹாலில் நாற்பது பேர். முன்வரிசையில் நான். கடைசி பெஞ்சில் சித்தண்ணனும் வெள்ளையம்மாளும். வெள்ளை வேட்டி, காலில் புதுச் செருப்பு, முகமெல்லாம் சிரிப்பு. தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது, அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. பரிசோதகர் மதுரைப் பக்கத்துப் பேராசிரியர், கெட்டிக்காரர். வாய்மொழித் தேர்வில் வழிகாட்டி வாயே திறக்கக்கூடாது என்பது விதி. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் காளியாயி வெளுத்து வாங்கினாள். கடைசியில் பரிசோதகர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: "எல்லாம் ஒரு சாக்கினால் வந்த வினை. தழை சேகரித்த ஆள் யாரோ படிப்பறிவில்லாதவர் போலிருக்கிறது. விஷச் சாக்கு என்று தெரியாமல் அதில் கட்டிவிட்டாராக்கும்?"

ஹாலில் சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, நல்லது ஏதோ நடக்கிறதென்று சித்தண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்து வருஷத்தில் காளியாயி பதில் இல்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. ஆமாம் என்றால் அப்பாவை அவர் எதிரிலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லை என்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னை. சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே நின்றாள். பரிசோதகர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது, நாற்காலி பின்னால் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. சித்தண்ணனுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"சாக்கு கொடுத்தது நானுங்க. அவர் சுத்தமான மூங்கில் கூடையிலதான் கொண்டாந்தார். அழுக்குன்னு சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துட்டு, விஷ மூட்டைச் சாக்கை நான்தான் கொடுத்தேன். என் பேரெழுதிக் கொடுத்தேன்."

"வழிகாட்டி உட்காரவும்" என்றார் பரிசோதகர்.

அதற்குள் கடைசி பெஞ்சில் சித்தண்ணன் கைகூப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். "இல்லீங்க ஐயா! வாத்தியாரு மேல ஒரு தப்புமில்லீங்க. நல்லாக் கழுவிக் கட்டாம விட்டது எந்தப்புங்க. பாப்பாவுக்குப் பட்டம் குடுத்துருங்க ஐயா!"

எனக்கு வந்ததே கோபம். "சித்தண்ணா, சும்மா உட்காருங்க! பதினஞ்சு வருசமா என் சாக்கைச் சுமந்தீங்க, போதும்! இந்தத் தப்பையாவது நானே சுமக்கறேன், என்கிட்ட விடுங்க!" என்று ஹாலே அதிரக் கத்தினேன். உட்கார நாற்காலி இல்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

சித்தண்ணன் மெல்ல உட்கார்ந்தார். வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காளியாயி பக்கம் திரும்பி, கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது, பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அவள் சாக்பீஸை வைத்தாள். "சாக்கு கொடுத்தவர் என் வழிகாட்டி. தழை சேகரித்தவர் என் தந்தை. அவர் கூடைதான் கொண்டுவந்தார்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, அதையே தமிழிலும் சொன்னாள்.